படிக்கத் தெரியாத நிருபர்

படத்துக்குப் பிரேம் போடும் கடைக்காரர் என்று கேட்டால் அந்தத் தெருவில் ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். நிருபர் என்று கேட்டால் உடனே கை நீட்டிக் காட்டுவார்கள். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் விளக்கைக்கூடப் போடாமல் செய்தித்தாளை விரித்துவிடுவார். முதல் பக்கத்துத் தலைப்பிலிருந்து கடைசிப் பக்கத்து ஏல அறிவிப்பு வரை ஒரு வரி தப்பாது. பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவர். படிப்பதை மட்டும் விடவில்லை. பக்கத்துக் கடைத் தையல்காரருக்கு மிஷினை மிதித்துக்கொண்டே செய்தி கேட்டாக வேண்டும்.

"என்ன நிருபரே, உலகம் இருக்கா, போயிடுச்சா?"

"இருக்கு. உன் பேண்ட் மாதிரி அங்கங்க கிழிஞ்சு இருக்கு."

இந்தப் பேச்சு நடந்து முடிந்தால்தான் தெரு விழித்தது என்று அர்த்தம்.

பழைய செய்தித்தாள் அவருக்குத் தொழிலுக்கும் வேண்டியிருந்தது. முன்னால் கண்ணாடி, அதற்குப் பின் படம், படத்துக்குப் பின் ஒரு தாள், கடைசியில் அட்டை. அட்டையின் சொரசொரப்பு படத்தில் உரசாமல் இருக்கத்தான் அந்தத் தாள். மற்ற கடைகளில் கையில் அகப்பட்டதை மடித்துச் செருகுவார்கள். நிருபர் படித்துப் பார்த்துத்தான் வைப்பார். கல்யாணப் படத்துக்குப் பின்னால் இரங்கல் விளம்பரம் போகாது. குழந்தைப் படத்துக்கு விபத்துச் செய்தி ஆகாது. யாராவது பட்டச் சான்றிதழ் கொண்டுவந்தால் வேலைவாய்ப்புப் பக்கத்தைத் தேடி எடுப்பார்.

"பின்னாடி இருக்கறதை யாருண்ணே பிரிச்சுப் பார்க்கப் போறாங்க?" என்று தையல்காரர் கேட்டால், "படத்துக்குத் தெரியும்ல," என்பார்.

மகளின் பட்டச் சான்றிதழைக் கடையின் நடுச் சுவரில் மாட்டியிருந்தார். அதன் பின்னால் எந்தப் பக்கத்தை வைத்தார் என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. பிரேம் என்ன விலை என்று கேட்க வந்தவர்கள் முதலில் அந்தப் பட்டத்தின் கதையைக் கேட்டாக வேண்டும். பகலில் உதிரி பாகக் கிடங்கில் கணக்கு எழுதி, மாலையில் கல்லூரிக்கு ஓடி, எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டம் என்று முடியும் அந்தக் கதை. மகள் அந்த நேரத்தில் கடைக்குள் வந்துவிட்டால் வந்த வழியே திரும்பிவிடுவாள். பட்டம் வாங்கியவள் அவள். பெருமையை அவர் எடுத்துக்கொண்டது அவளுக்கு ஏன் கூச்சமாக இருந்தது என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

அந்த மாலைப் பிரிவைத்தான் மூடப் போவதாகப் பேச்சு வந்தது. மாணவர்கள் குறைந்துவிட்டார்களாம், செலவு கட்டுப்படியாகவில்லையாம், பகல் கல்லூரியோடு சேர்த்துவிடலாமாம். பகலில் கிடங்கிலும் கடையிலும் நிற்கிறவர்கள் பகல் கல்லூரிக்கு எப்படிப் போவார்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. முடிவு சட்டசபையின் கல்விக் குழு கையில் இருந்தது. பழைய மாணவர் சங்கம் கிளம்பியது. குழுவின் உறுப்பினர்களை நேரில் பார்த்துப் பேசுவது என்று தீர்மானித்தார்கள்.

சங்கத்தின் செயலாளர் காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரி. ஆளைப் பார்த்ததும் எதைச் சொன்னால் கையெழுத்து விழும் என்று கண்டுபிடிப்பதே அவருடைய பிழைப்பு. "புள்ளிவிவரம் குடுத்தா கொட்டாவி விடுவாங்க," என்றார். "கதை சொல்லணும். ஆளுக்கு ஒரு கதை. சுருக்கமா, கண்ணுல தண்ணி வர்ற மாதிரி."

அதற்கு ஒத்திகையும் நடந்தது. அவர்கள் படித்த அதே வகுப்பறையில், அதே ஆடும் பெஞ்சுகளில் உட்கார்ந்து ஒவ்வொருவரும் எழுந்து தங்கள் கஷ்டத்தைச் சொன்னார்கள். போகப் போக யார் வீட்டுக் கூரை அதிகம் ஒழுகியது என்று போட்டி போலவே ஆகிவிட்டது. காவலாளி வேலை பார்த்தபடி படித்த ஒருவர், கைக்குழந்தையோடு பரீட்சை எழுதிய ஒரு செவிலி. மகளின் முறை வந்தது. அப்பா சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார், அம்மா பேக்கரியில் பொட்டலம் கட்டுகிறார், மூன்று வேளையும் சாப்பாடு இருந்தது, வீட்டில் செய்தித்தாள் இருந்தது. சொல்லச் சொல்ல அவளுக்கே சப்பென்றிருந்தது.

"அப்பா என்ன படிச்சிருக்கார்?" என்றார் செயலாளர்.

"எட்டாவது வரைக்கும் சார்."

"எட்டாவதுன்னா ஓரளவு படிச்ச மாதிரி ஆயிடுதேம்மா. மனசுல நிக்காது." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எழுதப் படிக்கவே தெரியாதுன்னு வச்சுக்கலாமே. பெரிய வித்தியாசமா என்ன?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"பெரிய வித்தியாசம் இல்ல சார்," என்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதை நினைத்துக்கொண்டே நடந்தாள். கிடங்கில் மற்றவர்கள் முன்னால் தன் வீடு ஏழை வீடு என்று கூசியவள் அவள். இன்றைக்கு அந்த அறையில் தன் வீடு போதிய அளவுக்கு ஏழையாக இல்லையே என்று கூசியிருக்கிறாள். இரண்டில் எது அவள்? காப்பாற்றுவது கல்லூரியைத்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் தெருமுனை வரைக்கும்தான் வந்தது. அங்கே அப்பா கடை வாசலில் நின்று தையல்காரருக்கு வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தார்.

செயலாளருக்கு இன்னொரு யோசனையும் இருந்தது. மனுவைக் கையில் கொடுத்தால் குப்பைக்கூடைக்குப் போகும். சுவரில் மாட்டிவிட்டால் தினமும் கண்ணில் பட்டாக வேண்டும். அதனால் ஜன்னல்களில் விளக்கு எரியும் மாலைக் கல்லூரியின் படம், கீழே இரண்டு வரி வேண்டுகோள், அதைப் பிரேம் போட்டு ஒவ்வொரு உறுப்பினர் அறையிலும் அங்கேயே ஆணி அடித்து மாட்டிக் கொடுத்துவிட்டு வருவது. "நல்ல பிரேம் கடை யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

"ஒருத்தர் இருக்கார் சார். நான் சொல்லிடறேன்," என்றாள் மகள். எங்கள் அப்பாதான் என்று சொல்ல வாய் வரை வந்தது. அந்த இரண்டு வரி வேண்டுகோளைப் பார்த்ததுமே எழுத்துப்பிழை என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற ஆளை எப்படி இவர்கள் முன் காட்டுவது?

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "சட்டசபைக்கா? கண்ணாடியை அடுத்தவங்க கையில குடுத்து அனுப்பறதா? நானே வரேன். ஆணி அடிக்கறதும் நானே." படங்களுக்குப் பின்னால் வைக்க, மாலைப் பிரிவைப் பற்றிச் செய்தி வந்த தாள்களை அலமாரியைக் குடைந்து தேடி எடுத்தார்.

அன்று காலை சட்டசபை வாசலில் சங்கத்தார் கூடி நின்றபோது அவர் துணி சுற்றிய பிரேம்களைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். பெட்டி போட்டுத் தேய்த்த சட்டை, பையில் சுத்தியல், ஆணிப் பொட்டலம், மட்டம் பார்க்கும் ரசமட்டம். மகளைப் பார்த்தார். தெரியாதவள் போல அவள் நின்ற விதத்தைப் பார்த்தார். மனிதர்களின் முகத்தைக் கண்ணாடிக்குள் வைத்தே காலம் தள்ளியவர். அதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"மேடம், படமெல்லாம் பத்திரம்," என்றார். கண்ணைச் சிமிட்டினார்.

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவைத்தான் பிற்பாடு அவளால் மறக்க முடியவில்லை.

முதல் இரண்டு அறைகளில் ஒன்றும் ஆகவில்லை. நிருபர் உள்ளே போய் ஆணி அடித்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் சங்கத்தார் உள்ளே போனார்கள். மகள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள், உறுப்பினர்கள் தலையை ஆட்டினார்கள். "எழுதப் படிக்கத் தெரியாத அப்பா" என்ற சொற்கள் இரண்டாவது முறை முதல் முறையைவிடச் சுலபமாக வந்தன.

மூன்றாவது அறை குழுத் தலைவியுடையது. முடிவு அவர் கையில். மேஜை நிறைய கோப்புகள், ஓரத்தில் பாதி குடித்த தேநீர். நேரமில்லை, எல்லாரும் ஒன்றாகவே வாங்க என்று கூப்பிட்டுவிட்டார்கள். நிருபர் ஜன்னல் பக்கத்துச் சுவரில் ஸ்டூல் போட்டு ஏறி முதுகைக் காட்டியபடி நின்றார். செவிலி பேசினாள். காவலாளி பேசினார். தலைவி கேட்டுக்கொண்டார், ஆனால் கண் கடிகாரத்துக்குப் போய்ப் போய் வந்தது.

செயலாளர் மகளின் முழங்கையைத் தொட்டார். அவள் கிடங்கு வேலையைச் சொன்னாள், வகுப்புக்கு ஓடியதைச் சொன்னாள், வம்சத்தில் முதல் பட்டம் என்று சொன்னாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"அப்பாவைப் பத்தி சொல்லும்மா," என்றார் செயலாளர். அவள் ஸ்டூல் பக்கம் பார்த்தாள். அவரே தொடர்ந்தார்: "கூச்சப்படுது. இவங்க அப்பாவுக்கு எழுத்துங்கறதே தெரியாதும்மா. பஸ்ல போர்டு பார்க்கக்கூட அடுத்தவங்களைக் கேக்கணும். அப்படிப்பட்ட வீட்ல இருந்து ஒரு பட்டதாரி!"

தலைவியின் கண் கடிகாரத்தை விட்டு அவளிடம் வந்தது. "அப்படியாம்மா?"

சுவரில் சுத்தியல் சத்தம் நின்றிருந்தது.

"ஆமாங்க," என்றாள்.

பிறகு சுத்தியல் மறுபடி விழுந்தது. முன்னைவிட மெதுவாக, ஆணி வளைந்துவிடக் கூடாதே என்பது போல.

"அப்பா என்ன வேலை செய்யறார்?" தலைவியின் குரல் கனிந்திருந்தது.

இதற்கு அவளிடம் தயார் செய்த பதில் இல்லை. உண்மை மட்டும்தான் இருந்தது. "பிரேம் கடை."

தலைவி சுவரைத் திரும்பிப் பார்த்தார். "இதோ இவர் மாதிரியா?"

அவர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். கையில் இருந்த சுத்தியலைப் பைக்குள் வைத்தார். "மாதிரி என்னங்கம்மா, நானேதான். நம்ம பொண்ணுதான் அது."

செயலாளரின் முகம் வெளுத்தது, பிறகு மெல்லப் பிரகாசமானது. அதிர்ஷ்டம் வாசல் தேடி வந்து நின்றதைப் பார்த்த முகம். தலைவி எழுந்தே வந்துவிட்டார்.

"ஐயா, உங்களுக்கு எழுத்தே தெரியாதா?"

நிருபர் மகளைப் பார்க்கவில்லை. இப்போது மாட்டிய படத்தைப் பார்த்தார். "படத்தை நேரா மாட்டத் தெரியும்ங்கம்மா. அது போதும்னு இருந்துட்டேன்."

தலைவி அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். நடிப்பு இல்லை, அந்த அம்மாவுக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. "இனிமே அப்படி இருக்கக் கூடாது ஐயா," என்றார்.

பஸ்ஸில் அப்பாவும் மகளும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். பஸ் வந்தபோது போர்டைப் படித்து, "நம்ம ரூட்தான், ஏறு," என்று சொன்னவர் அவர்தான். கொஞ்ச தூரம் போனதும், "நல்லாத்தான் பேசினே பாப்பா," என்றார். அவள் அழுதிருந்தால் அவர் ஆறுதல் சொல்லியிருப்பார். அதற்கும் வழி விடாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் அம்மா ஒன்றும் பெரிதாகக் கத்தவில்லை. மாவு ஒட்டிய கையைத் துடைத்தபடி, "அந்த மனுஷனுக்குன்னு இருந்தது பேப்பர் படிக்கறது ஒண்ணுதான்," என்றார். பிறகு, "சாப்பிடு," என்றார்.

உத்தரவு வந்தது. மாலைப் பிரிவு மூடப்படாது. கூடவே தலைவியின் சொந்த ஏற்பாடாக ஒன்று: அதே கட்டிடத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு. அதைத் தலைவியே வந்து தொடங்கி வைப்பார். முதல் மாணவர் யார் என்பதையும் அவரே சொல்லி அனுப்பியிருந்தார்.

செய்தியைச் சொல்லச் செயலாளர் கடைக்கே வந்தார். வந்த நேரம் நிருபர் வாசலில் நின்று தலையங்கத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். செயலாளர் ஒரு நிமிஷம் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அண்ணே, ஒரு சின்ன உதவி. விழா முடியற வரைக்கும் பேப்பரைக் கொஞ்சம் உள்ள வச்சுப் படிங்க."

"விழாவுல என்ன செய்யணும்?"

"போர்டுல ஒரு எழுத்து எழுதணும். அவ்வளவுதான்."

"நல்லா எழுதலாமா, கோணலா எழுதணுமா?"

செயலாளர் சிரித்தார். நிருபர் சிரிக்கவில்லை. நிஜமாகவே கேட்டிருந்தார்.

மறுநாள் காலை தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுக் குரல் கொடுத்தார். "என்ன நிருபரே, உலகம் இருக்கா?"

"நீயே பார்த்துக்க," என்று பாதி இழுத்த ஷட்டருக்குள்ளிருந்து பதில் வந்தது.

விழாவில் மகளுக்குப் படம் எடுக்கும் வேலை. தலைவி சாக்பீஸை அவர் விரல்களுக்குள் வைத்து, தன் கையால் அவர் கையைப் பிடித்து, கரும்பலகையில் பெரிதாக ஓர் 'அ' போட வைத்தார். பிறகு, "இப்ப நீங்களே எழுதுங்க," என்று விலகி நின்றார். நிருபர் எழுதினார். சுழி எங்கோ போனது, கால் எங்கோ இழுத்தது. தினமும் பிரேம்களின் பின்புறம் முத்து முத்தாக வாடிக்கையாளர் பெயர் எழுதுகிற கை அது. அந்தக் கோணலை அவர் எவ்வளவு கவனமாகச் செய்தார் என்பது அந்தக் கூட்டத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் கேமராவை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. முகத்தை மறைக்க ஏதோ ஒன்று வேண்டியிருந்தது.

போகும்போது தலைவி அவளிடம், "உன்னை மாதிரி பொண்ணு எல்லா வீட்லயும் இருக்கணும்," என்றார். சொல்லிவிடலாம் என்று அவள் ஓர் அடி முன்னால் வைத்தாள். செயலாளர் கார் கதவைத் திறந்துவிட்டார்.

அந்தப் புகைப்படம் பிரேமுக்காக நிருபர் கடைக்கே வந்தது. அவரே கண்ணாடி வெட்டினார், அவரே வகுப்பறைச் சுவரில் மாட்டினார். பின்னால் வைக்கச் செய்தித்தாள் எதையும் தேடவில்லை. எழுத்தே இல்லாத பழுப்புத் தாள் ஒன்றை வைத்து மூடினார்.

விழாவோடு முடிந்துவிடும் என்று செயலாளர் சொன்னது நடக்கவில்லை. தலைவியின் உதவியாளர் அடிக்கடி போன் செய்து, ஐயா வருகிறாரா, எழுத்துக்கூட்டுகிறாரா என்று விசாரித்தார். நிருபர் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார். பாடம் எடுக்கும் பொறுப்பைச் சங்கம் மகளிடம் கொடுத்திருந்தது. அதுவும் பொருத்தமாக இருக்கும் என்றார்கள்.

வகுப்பில் நிருபருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு பெண். பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை. துவைத்த துணி மூட்டைகள் எந்த வார்டுக்குத் திரும்ப வேண்டும் என்று இத்தனை காலம் மூட்டைக் கயிற்றின் நிறத்தை வைத்தே பிரித்து வந்தார். இப்போது எல்லாக் கயிறும் வெள்ளையாகிவிட்டது. மேலே வார்டின் பெயரை எழுதி ஒட்டுகிறார்கள். குழந்தைகள் வார்டு போர்வை ஒன்று பிணவறைக்குப் போய்ச் சேர்ந்து பெரிய ரகளையாகிவிட்டதாம். படிக்க வந்துவிட்டார்.

அவருக்கு நிருபரைப் பார்த்தால் தெம்பு. தன்னைவிட மெதுவாக ஓர் ஆள்.

"அண்ணே, இங்க பாருங்க. 'ட'வுக்கு இந்தப் பக்கம் சுவரே கிடையாது. ரெண்டு பக்கமும் சுவர் எழுப்பிட்டா அது 'ப'. வீடு கட்டற மாதிரி நினைச்சுக்கங்க, மறக்காது."

"இப்பப் புரியுதும்மா," என்பார் நிருபர்.

"விடுங்க, எனக்கும் முதல்ல இப்படித்தான் இருந்துச்சு. வந்துரும்."

ஒரு மாலை மகள் பலகையில் 'படம்' என்று எழுதி அப்பாவைப் படிக்கச் சொன்னாள். அவர் எழுந்தார். "ப..." என்றார். நிறுத்தினார். அவர் தொழிலின் பெயர் அது. காலமெல்லாம் எழுதிய சொல். "ப..." என்றார் மறுபடி. சலவைக்கூடத்து அக்கா தன் மடியில் விரலால் சுவர் வரைந்து காட்டினார், டீச்சருக்குத் தெரியாமல். நிருபர் அந்த விரலைப் பார்த்து, "ட... ம்... படம்," என்றார். அக்கா பெஞ்சைத் தட்டினார். "சொன்னேன்ல, வந்துரும்னு!" தனக்கே பட்டம் கிடைத்த மாதிரி சிரித்தார்.

மறுநாள் காலை மகள் கிடங்குக்குப் போகும் வழியில் கடையில் நின்றாள். அப்பா கட்டரை வைத்துக் கண்ணாடியில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். கோடு விலகியது. கண்ணாடி தவறான இடத்தில் உடைந்தது. அவர் கையில் அப்படி உடைந்து அவள் பார்த்ததில்லை.

"நான் இனி அந்த வகுப்புக்கு வரலை," என்றார்.

"அப்பா, அந்தம்மா ஆபீஸ்ல இருந்து கேப்பாங்களே..."

"கேக்கட்டும்." கண்ணாடித் துண்டுகளைக் கூட்டித் தள்ளினார். அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டது குறைவு. இப்போதும் உயரவில்லை, தடித்தது. "உனக்காக அந்தப் பெரிய எடத்துல வாயை மூடிக்கிட்டு நின்னேன் பாப்பா. அது எனக்குப் பாரமா இல்லை. அவங்க நாற்காலியில இருக்கறவங்க, நாளைக்கே மறந்துடுவாங்க. ஆனா அந்தப் பொம்பளை ராத்திரி பகல் துணி துவைச்ச கையால எனக்கு 'ட' சொல்லிக் குடுக்குது. அதை நான் ஏமாத்தணுமா? என்னத்துக்கு? சொல்லு, என்னத்துக்கு?"

அவள் நடுச் சுவரைப் பார்த்தாள். தன் பட்டம், கண்ணாடிக்குள், மட்டம் பிசகாமல். அதற்குள் பார்க்கத் தைரியம் வரவில்லை. கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது.

கிடங்குக்குப் போனதும் முதல் வேலையாகத் தலைவியின் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அப்பாவுக்குப் படிக்கத் தெரியும், தான் சொன்னது பொய் என்றாள். உதவியாளர் இரண்டு முறை, "என்ன விஷயமா?" என்று கேட்டார். பிறகு, "சரிம்மா, அம்மா காதுல போட்டு வைக்கறேன்," என்றார். அதோடு சரி. உத்தரவு ரத்தாகவில்லை, யாரும் திட்டவில்லை, யாரும் திரும்பக் கூப்பிடவும் இல்லை. செயலாளர் மட்டும் கேள்விப்பட்டு, "அதான் முடிஞ்சுபோச்சே, எதுக்கும்மா கிளறிக்கிட்டு," என்று அலுத்துக்கொண்டார். எந்த இடத்தில் எல்லாம் இடிந்து விழும் என்று பயந்தாளோ அங்கே ஒரு தூசிகூடப் பறக்கவில்லை.

மாலையில் அப்பாவிடம் போய், "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் வாங்க," என்றாள். ஏன் என்று கேட்காமல் வந்தார்.

பலகையில் எதுவும் எழுதாமல் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். "எங்க அப்பாவுக்கு நல்லாப் படிக்கத் தெரியும். முன்னாடியே தெரியும். தெரியாதுன்னு நான்தான் வெளியில சொல்லிட்டேன். என்னாலதான் அவர் இங்க வந்து உக்காந்தார்."

மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ, "நல்ல கூத்து," என்று சிரித்தார். சலவைக்கூடத்து அக்கா சிரிக்கவில்லை. பக்கத்தில் திரும்பி நிருபரைக் கேட்டார்.

"எவ்வளவு தெரியும்ணே?"

"எல்லாமே தெரியும்மா."

"பேப்பர் படிப்பீங்களா?"

"படிப்பேன்."

அக்கா தன் நோட்டைப் புரட்டினார். "நான் ஒவ்வொண்ணுக்கும் தடுமாறினப்பல்லாம் பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தீங்க. உங்களுக்கு நான் சுவர் வரைஞ்சு காட்டினேன். உள்ளுக்குள்ள சிரிச்சீங்களா அண்ணே?"

நிருபர் எழுந்து நின்றார். ஒத்திகை செய்யாத ஒரு மனிதர் நிற்கிற மாதிரி நின்றார். "இல்லம்மா," என்றார்.

அந்தக் கேள்வி அவரிடம் கேட்கப்பட்டது. பதில் சொல்ல வேண்டியவள் தான் என்பது மகளுக்குத் தெரிந்தது. சட்டசபையில் எத்தனை அறைகளில் சரளமாகப் பேசினாள். இங்கே "மன்னிச்சுடுங்க அக்கா," என்றபோது அது வகுப்பறையின் ஆடும் பெஞ்சைவிட ஆட்டமாக இருந்தது.

அக்கா நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு சில நாள் வரவில்லை.

நிருபர் மறுபடி கடை வாசலில் பேப்பர் படிக்கத் தொடங்கினார். தையல்காரர், "உலகம் இருக்கா?" என்று கேட்டார். "இருக்கு," என்றார். வேறொன்றும் சேர்க்கவில்லை. மாலையானால் கடையைச் சாத்திவிட்டு வகுப்புக்கு வந்தார், மாணவராக அல்ல. ஆடும் பெஞ்சுகளுக்கு முட்டுக் கொடுத்தார், பலகையை மட்டம் பார்த்து மாட்டினார். விழாப் புகைப்படத்தை அங்கிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு போனதும் அவர்தான். யாரும் கேட்கவில்லை.

ஒரு மாலை அக்கா திரும்ப வந்தார். அவர் பழைய இடத்தில் உட்காரவில்லை. சுவரோரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அன்றைக்கு மகள் மருத்துவமனை வார்டுகளின் பெயர்களை எழுதச் சொல்லியிருந்தாள். ஒவ்வொருவரிடமும் குனிந்து பார்த்துக்கொண்டே கடைசி பெஞ்சுக்கு வந்தாள். அக்கா நன்றாகவே எழுதிக்கொண்டிருந்தார், தூரத்திலிருந்தே தெரிந்தது. நிழல் நோட்டின் மேல் விழுந்ததும் அக்கா இடது கையை வளைத்து எழுதியதை மூடிக்கொண்டார்.

மகள் அங்கேயே நின்றாள். அந்தக் கை நகரவில்லை. அவள் அடுத்த பெஞ்சுக்குப் போனாள்.